ஒரே சந்தியில் மூன்றாவது விபத்து: இதை யாராவது ஆராய்வார்களா?

கேட்டவர்: ஆரம்பப்பிரிவு ரீச்சர்

எல்லாருக்கும் வணக்கம். மட்டக்களப்பு–கல்முனை வீதியில், களுவாஞ்சிக்குடிக்கு வடக்கே எங்கள் ஊர். மேற்கே வாவி, கிழக்கே கடல், நடுவில் இந்த ஒரு வீதி. பள்ளிக்கூடம், சந்தை, ஆஸ்பத்திரி, எதற்குப் போவதென்றாலும் இதில்தான் ஏற வேண்டும்.

இரண்டு கிழமைக்கு முன், ஆனி மாதம் பிறந்த கையோடு, என் பெறாமகனை வேன் அடித்துவிட்டது. தங்கச்சியின் மூத்த பிள்ளை, பதினொரு வயது. காலை 6.40 இருக்கும். ரியூஷனுக்கு சைக்கிளில் வடக்கே போய்க்கொண்டிருந்தவன், வீதியின் இடது ஓரமாகத்தான் போயிருக்கிறான். வாவிப் பக்கத்து ஒழுங்கையிலிருந்து வெளியே வந்த வேன் நேரே அவன்மேல் ஏறியது. இடது முழங்காலுக்குக் கீழே இரண்டு எலும்பும் முறிவு. உயிர் தப்பினான், கடவுளுக்கு நன்றி.

வேன்காரர் எங்கள் அடுத்த ஊர்த் தம்பிதான். குடிக்கவில்லை, போன் பேசவில்லை. "சத்தியமா நான் பிள்ளையைக் காணவேயில்லை" என்று அழுதார். ஊரில் ஒருவரும் நம்பவில்லை, நானும்தான். பட்டப்பகலில் பத்தடி தூரத்தில் வரும் சைக்கிளைக் காணாமல் விடுவதா? பொலிஸ் வந்து அளந்து, வாக்குமூலம் எடுத்து, "கவனயீனமாக வாகனம் செலுத்தியமை" என்று எழுதினார்கள். அவர் குற்றத்தை ஒப்புக்கொண்டு தண்டம் கட்டப்போகிறார். அவ்வளவுதான்.

ஆனால் இது மூன்றாவது. போன வருடம் ஆடியில், ஏலத்தில் மீன் எடுத்துக்கொண்டு சைக்கிளில் வந்த ஐயா ஒருவரை அதே இடத்தில் ஆட்டோ அடித்தது. மூன்றாம் நாள் இறந்துபோனார். அதற்கு முந்திய வருடம் வைகாசிப் பொங்கல் நேரம், வேலைக்குப் போன ஒரு பிள்ளையின் மோட்டார் சைக்கிளில் உழவு மெசின் இடித்தது. ஒவ்வொரு முறையும் ஓட்டியவருக்குத் தண்டம், எங்களுக்கு ஒரு கிழமைக் கதை, பிறகு மறதி. அந்த இடத்தில் ஏதோ இருக்கிறது என்று வைரவருக்கு மடையும் வைத்தோம்.

என் கேள்வி இதுதான். விபத்துகளை ஆராய்வதற்கென்று ஆட்கள் இருக்கிறார்கள் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். அவர்கள் வந்தால் எதைப் பார்ப்பார்கள்? பொலிஸ் பார்ப்பதைத் தவிர வேறு என்ன இருக்கிறது? அவர்கள் வரும்வரை எங்களைப் போன்றவர்கள் ஏதாவது செய்ய முடியுமா?

பதில் 1: அளவுநாடா

ரீச்சர், பிள்ளை தேறிவிடுவான். அந்த வயது எலும்பு கெதியாகப் பொருந்தும்.

நான் ஒரு பல்கலைக்கழக வீதிப் பாதுகாப்பு ஆய்வில் இரண்டு வருடம் களத்தில் தகவல் சேர்த்தவன். அக்கரைப்பற்றிலிருந்து வாழைச்சேனை வரை, விபத்து நடந்த இடங்களில் நாடாவும் சோக்கும் கையுமாக நின்றிருக்கிறேன். இப்போது வேறு வேலை. ஆனாலும் தாரில் ஒரு கறுப்புக் கோடு கண்டால் இன்றைக்கும் பைக்கை நிறுத்திப் பார்க்கிறேன்.

பொலிஸ், நீதிமன்றம், இன்சூரன்ஸ் மூன்றுக்கும் தெரிய வேண்டியது யார் பிழை என்பது. அது தேவையான கேள்விதான், ஒருவர் பதில் சொல்லத்தான் வேண்டும். ஆய்வாளர் கேட்பது வேறு: நாளைக்கு இதே இடத்தில் வேறொரு ஓட்டுநரும் வேறொரு பிள்ளையும் வந்தால் இதே நடக்குமா? எங்கள் சேர் முதல் நாளே சொன்னார், களத்தில் நிற்கும்போது "பிழை" என்ற சொல்லையே வாயில் எடுக்காதே என்று. அந்தச் சொல்லைக் கேட்டதும் சனம் வாயை மூடிவிடும், அல்லது பக்கம் பிரிந்துவிடும்.

சரி, என்ன பார்ப்போம்?

முதலில் அழியக்கூடியது. தார் வீதியில் கண்ணாடித்தூள் அரை மணி நேரம் தங்காது. யாராவது நல்ல எண்ணத்தோடு கூட்டி ஓரத்தில் தள்ளிவிடுவார்கள். எண்ணெய்க் கறை மழைக்குப் போகும். பிரேக் கோடு சில நாள் நிற்கும். கொஞ்சம் அதிக நாள் நிற்பது, மோதும் கணத்தில் இரும்பு தாரைக் கிண்டிய வடு. சைக்கிள் பெடல் கிண்டினால் விரல் நகத்தளவுதான் இருக்கும், குனிந்து தேட வேண்டும். ஆனால் மோதிய புள்ளி அதுதான். வாகனம் போய் நின்ற இடத்தை வைத்து ஊர் சொல்லும் கதைக்கும் அந்த நகத்தளவு வடு சொல்வதற்கும் சில நேரம் பத்து மீற்றர் வித்தியாசம் இருக்கும். எல்லாவற்றையும் இடம் மாறாத இரண்டு பொருளிலிருந்து அளப்போம்: ஒரு மின்கம்பம், ஒரு மதகின் மூலை. அப்படி அளந்தால் ஐந்து வருடம் கழித்தும் அதே புள்ளியில் போய் நிற்கலாம்.

பிரேக் கோட்டின் நீளத்திலிருந்து வேகம் எடுக்கலாம். காய்ந்த தாரில் டயரின் பிடிமானம் ஏறத்தாழ 0.7. அதைக் கோட்டின் நீளத்தாலும் 254 ஆலும் பெருக்கி வர்க்கமூலம் எடுத்தால், மணிக்கு எத்தனை கிலோமீற்றர் என்று வரும். 20 மீற்றர் கோடு என்றால் கிட்டத்தட்ட 60. அதுவும் குறைந்தபட்சக் கணக்கு, ஏனென்றால் மோதலிலும் கொஞ்ச வேகம் செலவாகியிருக்கும். எங்கள் கரையோரத்தில் இன்னொன்றையும் கவனிப்போம். காற்று கொண்டுவந்து தாரில் தூவும் கடல் மணல். அது இருந்தால் 0.7 என்று போட முடியாது, பிடிமானம் குறையும். சக்கரம் இறுகி நின்றுவிடாமல் பார்த்துக்கொள்ளும் ஏபிஎஸ் பிரேக் உள்ள புதிய வாகனத்தில் கோடு மங்கலாகத்தான் விழும். ஆனால் அப்படிப்பட்ட சில வாகனங்களில், காற்றுப்பையை இயக்கும் பெட்டிக்குள்ளேயே மோதலுக்கு முந்திய சில விநாடிகளின் வேகம் பதிவாகியிருக்கும்.

உங்கள் சந்திக்கு இதெல்லாம் பெரிதாக உதவாது. ஒழுங்கையிலிருந்து மெதுவாக வெளியே வந்த வாகனம். நான் பிடித்துக்கொள்வது நீங்கள் போகிற போக்கில் எழுதியிருக்கும் வேறு ஒன்றை.

ஒரு இடத்தில் நடந்த எல்லா விபத்தையும் ஒரே தாளில் வரைவது பழைய முறை. யார் எந்தத் திசையில் வந்தார்கள் என்று அம்புக்குறி போட்டு, பக்கத்தில் மாதம், மணி, வெளிச்சம், மழையா வெயிலா என்று எழுதுவோம். அம்புகள் கண்டபடி சிதறினால் அந்த இடத்தில் விசேஷமில்லை. ஒரே மாதிரி விழுந்தால் இடம் ஏதோ சொல்கிறது. உங்கள் மூன்றையும் வரைந்து பார்த்தேன். மூன்றும் காலை. வேன், ஆட்டோ, மெசின் மூன்றும் வெளியே வந்தது வாவிப் பக்கத்து ஒழுங்கையிலிருந்துதானா? உறுதிப்படுத்துங்கள். மாதம் வைகாசி, ஆடி, ஆனி.

உங்கள் பகுதியில் வீதி நேர் வடக்குத் தெற்காகப் போகவில்லை. கரையோடு சேர்ந்து வடமேற்கு, தென்கிழக்காகச் சரிகிறது. அதைக் குறுக்கே வெட்டும் ஒழுங்கைகள் நேர் கிழக்கைப் பார்க்காமல் கொஞ்சம் வடக்கே திரும்பிப் பார்க்கும். வைகாசி, ஆனி, ஆடியில் சூரியனும் கிழக்குக்கு வடக்கே தள்ளித்தான் உதிக்கிறது. அப்படியென்றால் அந்த மாதங்களில் ஆறரை மணிக்கு ஒழுங்கையால் வெளியே வருகிறவரின் முகத்துக்கு நேரே, கடலுக்கு மேலே, சூரியன் நிற்கும். மார்கழியில் அது தெற்கே போய்விடும், யாருக்கும் தெரியாது.

நான் இதுதான் காரணம் என்று அடித்துச் சொல்லவில்லை. மூன்று விபத்து மிகக் குறைந்த எண்ணிக்கை. ஆனால் அந்தத் தம்பி "காணவேயில்லை" என்றது உண்மையாக இருக்கலாம். ஒரு காலை 6.40க்கு ஒரு வேனின் ஓட்டுநர் சீற்றில் ஏறி, அதே ஒழுங்கையால் மெதுவாக வந்து பாருங்கள். மத்தியானம் போனால் ஒன்றும் தெரியாது. விபத்து நடந்த மணி, ஓட்டியவரின் கண் உயரம், அவர் வந்த திசை மூன்றும் வேண்டும். நாங்கள் லொறி விபத்துக்கு லொறியிலும், சின்னப்பிள்ளை விபத்துக்கு முழங்காலில் நின்றும் பார்த்திருக்கிறோம். முழங்காலில் நின்று பார்த்தபோதுதான், எங்களுக்கு இடுப்பளவு இருந்த ஒரு பூச்செடி வரிசை பிள்ளையின் கண்ணுக்குச் சுவர் என்று தெரிந்தது.

இன்னொரு விஷயம். நூற்றுக்குத் தொண்ணூறு விபத்து மனிதத் தவறால்தான் என்று கூட்டங்களில் சொல்வார்கள். அமெரிக்காவில் இந்தியானா பல்கலைக்கழகம் 1970களில் செய்த ஆய்விலிருந்து வந்த கணக்கு அது, பொய்யில்லை. ஆனால் தவறு மனிதனிடம் இருந்தால் மருந்தும் மனிதனிடம்தான் இருக்க வேண்டும் என்று சொல்ல முடியாது. வில்லியம் ஹேடன் என்ற அமெரிக்க வைத்தியர் இதற்கு ஒரு கட்டம் போட்டுக் கொடுத்தார். மேலே மூன்று நிரல்: மனிதன், வாகனம், சூழல். பக்கத்தில் மூன்று நிரை: மோதலுக்கு முன், மோதும்போது, மோதிய பின். ஒன்பது பெட்டி. உங்கள் மகனின் விபத்தைப் போட்டுப் பாருங்கள். சூரியன் ஒரு பெட்டி, மதில் இருந்தால் அதே பெட்டி, வேனின் அழுக்குக் கண்ணாடி இன்னொன்று, காலை யார் எப்படித் தூக்கினார்கள், எவ்வளவு நேரத்தில் ஆஸ்பத்திரி போனார்கள் என்பது கடைசி நிரை. தண்டம் கட்டுவது ஒரேயொரு பெட்டியைத்தான் தொடும். சுவீடன் பாராளுமன்றம் 1997 இல் இதையே நாட்டின் கொள்கையாக்கியது. மனிதன் தவறு செய்வான், அந்தத் தவறுக்கு உயிர் விலையாகாதபடி வீதியை அமைக்க வேண்டியது வீதியை அமைக்கிறவர்களின் பொறுப்பு என்று.

நீங்கள் செய்யக்கூடியது இருக்கிறது. இன்னொரு பிள்ளை அடிபடும்வரை காத்திருக்கத் தேவையில்லை. மயிரிழையில் தப்பியதை எண்ணுங்கள். ஜெனரல் மோட்டர்ஸ் ஆய்வாளர்கள் 1960களின் கடைசியில் தொடங்கியது இது, பிறகு சுவீடனில் லுண்ட் பல்கலைக்கழகத்தில் முறையாக வளர்த்தார்கள். திடீர் பிரேக், சடக்கென்று விலகல், கால் ஊன்றி நிற்றல். ஒரு சந்தியில் விபத்து வருடத்துக்கு ஒன்று என்றால் இவை நாளைக்குச் சில இருக்கும். ஒரு கொப்பி, ஒரு மணிக்கூடு போதும். வீதியிலிருந்து தள்ளி, ஓட்டுநர் கண்ணில் படாத இடத்தில் இருக்க வேண்டும், உங்களைக் கண்டால் மெதுவாகப் போவார்கள். பக்கத்தில் அதே மாதிரி இன்னொரு ஒழுங்கையிலும் எண்ணுங்கள். ஒப்பிட ஒன்று இல்லாவிட்டால் எண்ணிக்கைக்கு அர்த்தமில்லை.

பதில் 2: கராஜ்காரன், கல்முனை

ரீச்சர், சலாம். அளவுநாடா அண்ணன் சொன்னதோடு என் தொழில் பக்கத்தால் ஒன்று.

விபத்து வாகனம் கராஜுக்கு வந்தால் சொந்தக்காரர் முதலில் கேட்பது "எவ்வளவு முடியும்". உடைந்ததைக் கழற்றி எறிந்துவிடுவோம். பல வருடத்துக்கு முன் ஓர் இரவு விபத்து. வட்டைக்குள்ளிருந்து நெல் மூட்டையோடு வந்த மெசின் பெட்டியில் பைக் மோதி, பைக்கை ஓட்டிய பொடியன் இறந்துவிட்டான். மெசின்காரர், பைக் லைட் இல்லாமல் வந்தது என்றார். பைக்கைப் பார்க்க வந்த மோட்டார் வாகனப் பரிசோதகர் முன் பல்பைக் கழற்றச் சொல்லி, வெளிச்சத்துக்கு நேரே பிடித்து என்னிடம் காட்டினார். உள்ளே இருக்கும் மெல்லிய இழை சுருள் பிரிந்து, இழுபட்டு, ஊஞ்சல் மாதிரித் தொங்கியது. "எரிஞ்சுகொண்டிருக்கேக்க அடிபட்டிருக்கு, சூட்டில இளகித்தான் இப்பிடி இழுபடும்" என்றார். அணைந்திருந்தால் இழை பட்டென்று முறிந்திருக்குமாம். எரியும்போது கண்ணாடியும் உடைந்துவிட்டால் காற்றுப் பட்டு இழை எரிந்து, வெள்ளையாகத் தூள் படியும். பல்பை நெருப்புப்பெட்டியில் பஞ்சு வைத்து எடுத்துப் போனார். செத்தவன் லைட் போட்டுத்தான் வந்தான் என்று அவனுடைய உம்மாவுக்குத் தெரிந்தது அந்த நெருப்புப்பெட்டியால்.

அன்றையிலிருந்து நான் ஒன்றையும் எறிவதில்லை. பெயர் எழுதி ஒரு மூலையில் வைப்பேன். இப்போது எல்ஈடி லைட் வந்துவிட்டது, அதில் இழை இல்லை, இந்தச் சோதனை செய்ய முடியாது. மெசின் பெட்டிக்குப் பின்னால் ஒளி திருப்பும் ஸ்ரிக்கர் ஒட்டுங்கள் என்று எல்லாரிடமும் சொல்கிறேன். என்னிடம் வந்தால் காசு வாங்காமல் ஒட்டித் தருகிறேன்.

பதில் 3: இரவுக்கடமை

நான் தாதி. எந்த ஆஸ்பத்திரி என்று சொல்லவில்லை, எல்லா இடத்திலும் நிலை ஒன்றுதான்.

ஆய்வாளர்கள் பொலிஸ் பதிவை மட்டும் நம்புவதில்லை, எங்கள் பதிவேட்டையும் பார்க்க வருவார்கள். ஏன் என்று பிறகுதான் விளங்கியது. சைக்கிளில் போய்த் தானே விழுந்தவர், மாட்டில் மோதி விழுந்தவர், ஒழுங்கைக்குள் அடிபட்டுச் சமாதானம் பேசி வந்தவர், இவர்கள் பொலிஸ் கணக்கில் வருவதே குறைவு. இரண்டு பதிவையும் பக்கத்தில் வைத்துப் பெயரும் நாளும் ஒத்துப்பார்த்தால்தான் உண்மையான எண்ணிக்கை கிட்டத்தில் வரும். ஆனால் எங்கள் பக்கமும் ஒரு குறை. அவசரத்தில் "வீதி விபத்து" என்று இரண்டு சொல் எழுதி விடுகிறோம். எந்தச் சந்தி, எத்தனை மணி, ஹெல்மட் இருந்ததா, வார் பூட்டியிருந்ததா, ஒன்றும் இல்லை. இரண்டு வருடமாக நான் இவற்றைக் கேட்டு ஓரத்தில் எழுதுகிறேன். இரவில் நாலு பேரை ஒன்றாகக் கொண்டுவந்தால் அதுவும் தவறிவிடும்.

ஹெல்மட் பற்றி ஒரு கதை. 1935 இல் டி. ஈ. லோரன்ஸ் என்ற பெயர்பெற்ற பிரித்தானியர் மோட்டார் சைக்கிளில் போகும்போது, வீதி தாழ்ந்து மறைந்த இடத்தில் சைக்கிளில் வந்த இரண்டு பொடியன்களைக் கடைசி நேரத்தில் கண்டு விலகி விழுந்தார். தலையில் அடி, ஆறு நாள் நினைவில்லாமல் கிடந்து இறந்தார். அவரைப் பார்த்த மூளைச் சத்திரசிகிச்சை வைத்தியர்களில் ஒருவர் ஹியூ கேன்ஸ். அந்தச் சாவு அவரை விடவில்லை. மோட்டார் சைக்கிள் தலைக்காயங்களைச் சேர்த்துச் சேர்த்துப் படித்து, 1941 இல் ஹெல்மட்டின் அவசியத்தை எழுதினார். பிரித்தானியாவில் எல்லாருக்கும் சட்டமானது 1973 இல். இடையில் 32 வருடம். பிறகு பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த கணக்கு, ஹெல்மட் சாவை 42 வீதமும் தலைக்காயத்தை 69 வீதமும் குறைக்கிறது என்கிறது. வாரைப் பூட்டாமல் போட்டால் அது தலைக்கு முதல் பறந்துவிடும். அந்த ஹெல்மட்டைக் கையில் பிடித்துக்கொண்டு வாசலில் நிற்கும் தகப்பன்மாரை நான் பார்த்திருக்கிறேன்.

ரீச்சர், பிள்ளையைத் தூக்கியவர்கள் காலுக்கு மட்டை கட்டித் தூக்கினார்களா? அடுத்த முறை 1990 என்ற அம்புலன்ஸ் இலக்கத்துக்கு அழையுங்கள். ஆட்டோவில் மடித்துப் போட்டுக் கொண்டுவந்து, மூடிய முறிவு தோலைக் கிழித்துக்கொண்டு வந்த பிள்ளைகள் உண்டு.

பதில் 4: படுவான்கரையான்

தாதி தங்கச்சி "மாட்டில் மோதி" என்றதால் எழுதுகிறேன். எங்களிடம் மாடு இருக்கிறது. விபத்து என்றாலே கட்டாக்காலி மாடு, மாட்டுக்காரனுக்குத் தண்டம் என்று முடித்துவிடுகிறார்கள். பெரும்போகம் விதைத்தால் வட்டைக்குள் மாடு விட முடியாது. மேய்ச்சல் தரை சுருங்கிக்கொண்டே போகிறது. மழை நாளில் எல்லா இடமும் ஈரம், தார் மட்டும் காய்ந்து சூடாக இருக்கும். மாடு அங்கேதான் படுக்கும். யுத்தகாலத்தில் பள்ளமும் குழியுமாக, நாலு சோதனைச்சாவடி தாண்டிப் போன வீதியில் மாட்டில் மோதி ஒருவரும் சாகவில்லை. வீதிக்கு வழுவழுப்பாகத் தார்க் காபெட் போட்ட பிறகுதான் இந்தக் கதை. இதையும் ஆராய்ச்சிக்காரர் பார்ப்பார்களா?

அளவுநாடா

பார்க்க வேண்டும் அண்ணன், நீங்கள் சொன்ன சங்கிலிதான் ஆய்வு. காபெட் நல்லதுதான், ஆனால் வீடும் கடையும் மாடும் பிள்ளையும் இருந்த இடத்திலேயே இருக்க, வேகம் மட்டும் கூடியது. சராசரி வேகம் நூற்றுக்கு ஒன்று கூடினால் சாவு விபத்து ஏறத்தாழ நூற்றுக்கு நாலு கூடும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது.

மாட்டுக்கு ஒரு கணக்குப் போட்டுக் காட்டுகிறேன். கண்டு, பிரேக்கில் கால் வைக்க ஒன்றரை விநாடி என்று வையுங்கள். 50 இல் வருகிறவர் காய்ந்த தாரில் முழுதாக நிற்க 35 மீற்றர் போகும். 60 இல் வருகிறவருக்கு 45 மீற்றர். டிம் லைட்டில் கறுப்பு மாடு 40 மீற்றருக்கு அப்பால் தெரிவது கஷ்டம், படுத்திருந்தால் இன்னும் கஷ்டம். இதில் சனத்துக்கு விளங்காத இடம் ஒன்று உண்டு. 50 இல் வந்தவர் நின்றுவிட்ட அதே 35 ஆவது மீற்றரில், 60 இல் வந்தவர் இன்னும் மணிக்கு 43 கிலோமீற்றர் வேகத்தில் இருப்பார். "பத்துத்தானே கூட" என்பார்கள். அந்தப் பத்து, நிற்பதற்கும் 43 இல் மோதுவதற்கும் உள்ள வித்தியாசம். நான் இதைத் தாரில் சோக்கால் கோடு போட்டு இளைஞர் கழகப் பொடியன்களுக்குக் காட்டியிருக்கிறேன். நடந்து போய் அந்தக் கோட்டில் நிற்கும்போது முகம் மாறும்.

வேகத்தை நீங்களே அளக்கலாம். 50 மீற்றர் இடைவெளியில் இரண்டு கம்பம் பார்த்து வையுங்கள். கடக்க 3 விநாடி என்றால் 60. பட்டப்பகலில் ஊருக்குள் எத்தனை பேர் 3 விநாடிக்குள் போகிறார்கள் என்று எண்ணிப் பாருங்கள்.

ஆரம்பப்பிரிவு ரீச்சர்

பத்து நாள் கழித்து வருகிறேன். நிறைய எழுத வேண்டும்.

மூன்று விபத்தும் வாவிப் பக்கத்து ஒழுங்கையிலிருந்து வெளியே வந்த வாகனத்தால்தான். மெசின்காரரையும் ஆட்டோக்காரரையும் தேடிப் போய்க் கேட்டேன்.

வேனுக்கு வேறு யாரிடமும் கேட்க மனம் வரவில்லை. அந்தத் தம்பியின் வீட்டுக்கே போனேன். என்னைக் கண்டதும் அவர் மனைவி பயந்துபோனார். விஷயத்தைச் சொன்னதும் தம்பி ஒன்றும் பேசாமல் திறப்பை எடுத்துக்கொண்டு வந்தார். அடுத்த நாள் 6.40க்கு அவர் சீற்றில் நான், பக்கத்தில் அவர். வேனை அவர் வீட்டுப் பொடியன்கள் தள்ளினார்கள், எனக்கு ஓட்டத் தெரியாது.

ஒழுங்கையின் கடைசி முப்பது அடியில் முன் கண்ணாடி முழுக்க வெள்ளையாகிவிட்டது. கடற்காற்று உப்புப் படிந்த கண்ணாடி, அதில் வெயில் பட்டதும் பால் ஊற்றினது மாதிரி. வெயில் தடுப்பை இறக்கினேன், சூரியன் அதற்குக் கீழேதான் நின்றது. பிறகு வலது பக்கம் திரும்பிப் பார்த்தேன். அந்தப் பக்கம் மூலை வளவின் மதில், அது முடிந்த இடத்தில் எதிர்ப்பக்கத்து வாகைமரத்தின் நிழல் வீதி முழுக்க விழுந்து கிடக்கிறது. வெயிலைப் பார்த்த கண்ணுக்கு அந்த நிழல் கறுப்புத் துணி. தங்கச்சியின் சின்ன மகளை அங்கே சைக்கிளோடு நிற்கச் சொல்லியிருந்தோம். அவள் கையை ஆட்டிக்கொண்டிருந்தாளாம். எனக்குத் தெரியவில்லை. "பெரியம்மாவைக் கூப்பிடு" என்று யாரோ சொல்லி, அவள் "பெரியம்மா" என்று கத்திய பிறகுதான் எங்கே நிற்கிறாள் என்று கண்டுபிடித்தேன்.

தம்பி பக்கத்தில் இருந்து அழுதார். நானும்தான். அவரிடம் மன்னிப்புக் கேட்டேன்.

அப்புறம் எண்ணினோம். நானும் இன்னும் இரண்டு ரீச்சர்மாரும், மூலைக் கடைக்குள் இருந்து, ஆறு பாடசாலை நாள், 6.15 முதல் 7.15 வரை. ஒழுங்கையால் வந்த வாகனத்துக்காகத் திடீரென்று பிரேக் பிடித்தது, விலகியது, கால் ஊன்றியது எல்லாம் 14. அதில் 11 ஏழு மணிக்கு முதல். முகில் மூடிய ஒரு காலை ஒன்றுமே இல்லை. மதில் இல்லாத அடுத்த ஒழுங்கையில் அதே ஆறு நாளில் 3. இனி என்ன செய்ய?

அளவுநாடா

ரீச்சர், முகில் மூடிய அந்தக் காலையைத் தனியாக எழுதி வைத்தீர்களே, எங்கள் சேர் இருந்தால் கை கொடுத்திருப்பார்.

கடிதம் இரண்டு இடத்துக்குப் போக வேண்டும். ஒழுங்கை பிரதேச சபைக்குரியது, பிரதான வீதி வீதி அபிவிருத்தி அதிகார சபைக்குரியது. பிரதியைப் பொலிஸ் போக்குவரத்துப் பிரிவுக்கும் கொடுங்கள். உங்கள் படமும் எண்ணிக்கையும் முதல் பக்கத்தில் வரட்டும், துக்கத்தை இரண்டாம் பக்கத்தில் வையுங்கள். கேட்பது குறைவாகவும் செய்யக்கூடியதாகவும் இருக்கட்டும். ஒழுங்கை வாயிலுக்கு ஒரு வாகன நீளம் முன்னால் வேகத்தடை ஒன்று, நிறுத்தக் கோடு, மதில் மூலையைச் சாய்வாக வெட்ட வளவுக்காரரின் சம்மதம். வாகையை வெட்டக் கேட்காதீர்கள், கீழ்க் கொப்பைக் கழித்தாலே நிழல் உடைந்துவிடும். பிள்ளைகளுக்கு ஒழுங்கை வாயிலில் நிதானிக்கச் சொல்லுங்கள், ஆனால் அதைக் கடிதத்தில் எழுதவே வேண்டாம். எழுதினால் அதை மட்டும் செய்து முடித்துவிடுவார்கள்.

ஒரு எச்சரிக்கை. வேகத்தடை புரட்டாதியில் போட்டு, மார்கழியில் எண்ணிப் பார்த்தால் எண்ணிக்கை நிச்சயம் குறைந்திருக்கும். சூரியன் தெற்கே போய்விட்டது என்பதால் குறைந்திருக்கும். ஆய்வாளர்களே விழுகிற குழி இது. இன்னொரு குழியும் உண்டு: கெட்ட வருடத்துக்கு அடுத்த வருடம் எதையும் செய்யாவிட்டாலும் எண்ணிக்கை கொஞ்சம் இறங்கும். காய்ச்சல் உச்சத்தில் நூல் கட்டினால் மறுநாள் இறங்கும் அல்லவா, அதுபோல. நூல் கட்டுவதை நான் குறை சொல்லவில்லை, எங்கள் அம்மாவும் கட்டினவதான். ஆனால் வீதிக்குக் கணக்கு வேண்டும். அதனால் அடுத்த வருடம் இதே மாதம், இதே மணி, இதே இரண்டு ஒழுங்கையிலும் திரும்ப எண்ணுங்கள்.

ஆரம்பப்பிரிவு ரீச்சர்

கடிதம் நேற்றுக் கொடுத்தோம். மூலை வளவு அம்மா மதிலை வெட்டச் சம்மதம், கல்லுக்கும் சீமெந்துக்கும் ஊரில் சேர்க்கிறோம். மகனுக்கு அடுத்த கிழமை மாவுக்கட்டு மாற்றுகிறார்கள். எண்ணிய கொப்பியில் அடுத்த வருட ஆனிக்கு ஆறு பக்கம் கோடு போட்டு வைத்திருக்கிறேன். மூலைக் கடையில் இருந்து எண்ண வேன்காரத் தம்பியும் வருகிறாராம்.